இரண்டாவது பியூகிள் வரை

எங்கள் மார்க்கையன்கோட்டையில் அந்தக் காலத்தில் பட்டாளத்தார் சங்கம் என்று ஒன்று இருந்தது. ஜெர்மன் சண்டைக்குப் போய், பாஸ்ராவிலும் டைகிரிஸ் ஆற்றங்கரையிலும் பதுங்குகுழி வெட்டி, பாலம் கட்டி, குண்டடி பட்டு, வயிற்றோட்டம் கண்டு, எப்படியோ உயிரோடு கப்பலேறித் திரும்பிய ஆட்கள் சேர்ந்து வைத்தது. கம்பத்துக்கும் தேனிக்கும் நடுவிலுள்ள ஊர்களிலிருந்தும் போடியிலிருந்தும் இருபது பேர் அதில் இருந்தார்கள். தலைவர் ஹவில்தார் நல்லகண்ணு. அவர் தெருவில் வந்தால் கோழிகூட வரிசையில் போகும் என்று கேலி பேசுவோம். மனிதர் சிரித்து நான் பார்த்ததில்லை.

சண்டையில் செத்தவர்களின் பெண்டாட்டிகளைப் பட்டினி கிடக்காமல் காப்பாற்றுவதுதான் சங்கத்தின் வேலை. சர்க்கார் பென்ஷன் பாதிப் பேருக்கு வந்து சேரவே இல்லை. வந்தவர்களுக்கும் அது உப்புக்கும் புளிக்கும் காணாது. அதனால் அறுப்புக் காலத்தில் இருபது பேரும் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு களம் களமாகப் போவார்கள். முன்னால் ஜேசுராஜ் பியூகிள் ஊதிக்கொண்டு வருவார். போடி கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த வேதக்காரர். ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத ஆள். அந்தச் சத்தம் கேட்டால் நாய்கள் ஓடும், களத்துக்காரர்கள் ஒரு மரக்கால் நெல்லை அளந்து கொட்டுவார்கள். பட்டாளத்து மரக்கால் என்று அதற்குப் பேர். விதவைகளின் வயலை இருபது பேரும் கூலி வாங்காமல் அறுத்துக் கொடுப்பதும் உண்டு.

மற்ற மாதங்களில் தேனிச் சந்தையில் போர் வேடிக்கை காட்டுவார்கள். மூங்கில் துப்பாக்கி, ஓலைவெடி, குடைசாய்த்து வைத்த கட்டை வண்டிதான் பீரங்கி. அம்மாவாசி என்று ஒருவர். அவருக்கு இடது கை முழங்கைக்குக் கீழே கிடையாது, பீரங்கிக் குண்டு கொண்டுபோய்விட்டது. சாகிற வேஷம் எப்போதும் அவருக்குத்தான். மொட்டைக் கையில் குங்குமத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு புழுதியில் புரண்டு துடிப்பார். சந்தைக்கு வந்த பெண்கள் வாய்விட்டு அழுது, முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்த்து வீசிவிட்டுப் போவார்கள். செத்தவர் எழுந்து அதைப் பொறுக்குவார்.

ஆனால் சங்கத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது இதெல்லாம் இல்லை, மௌனம்தான். சண்டை நின்ற நாளான நவம்பர் பதினோராம் தேதி, காலை பதினோரு மணிக்கு, செத்தவர்களுக்காக நட்ட கல்லின் முன்னால் இரண்டு வரிசையாக நிற்பார்கள். ஜேசுராஜ் முதல் பியூகிள் ஊதுவார். அதிலிருந்து இரண்டு நிமிஷத்துக்கு யாரும் அசையக்கூடாது, பேசக்கூடாது. ஹவில்தார் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்ததும் இரண்டாவது பியூகிள். அதுவரை உயிரே போனாலும் நிற்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம்.

நின்றார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு வருஷம் குளவி வந்து அம்மாவாசியின் கழுத்தில் கொட்டியது. கண்ணீர் தாரை தாரையாக இறங்கியது, தலை அசையவில்லை. இன்னொரு வருஷம் கயிற்றை அறுத்துக்கொண்ட காளை ஒன்று வரிசைக்குள் புகுந்து ஒருவரை முட்டித் தள்ளியது. அவர் விழுந்த இடத்திலேயே கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு விறைப்பாகக் கிடந்தார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். பிறகு அதையே போகிற ஊரிலெல்லாம் பெருமையடித்துக்கொண்டோம். இந்தக் கதைகளையெல்லாம் சிரிக்காமல் கேட்டுக்கொண்டவன் ஒருவன் இருந்தான். அவன் பேர் ராக்கப்பன்.

ராக்கப்பனின் அண்ணன் செல்லப்பாண்டி டைகிரிஸ் கரையில் செத்தவர்களில் ஒருவர். நல்லகண்ணுவின் கீழே வேலை பார்த்தவர். அவர் பெண்டாட்டி கருத்தம்மாள். பிள்ளை இல்லை. புருஷன் பங்குக்கு வந்த வாய்க்காலோர வயல் ஒன்றுதான் அவளுக்கு எல்லாம். வரப்பு வெட்டுவதும் தண்ணீர் பாய்ச்சுவதும் அவளேதான். நினைவுக்கல் நட இடம் தேடி அலைந்தபோது, அந்த வயலின் மேட்டு மூலையைச் சும்மா விட்டுக்கொடுத்தவளும் அவள்தான். பிள்ளையில்லாத முண்டச்சிக்கு வயல் எதற்கு என்று ராக்கப்பன் ஆரம்பித்தான். மடையை அடைத்தான், மாட்டை விட்டு மேயவிட்டான், ஒரு நாள் களத்துமேட்டில் வைத்து அவளை மயிரைப் பிடித்து இழுத்து அடிக்கவும் செய்தான்.

பஞ்சாயத்து கூடியது. எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்களின் தைரியம் உலகம் அறிந்ததுதானே! இரண்டு பக்கமும் நோகக்கூடாது என்று ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். நிலம் யாருக்கு என்பதைக் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளட்டும். நெல் விளைந்து நிற்கும்போது எவர் அரிவாள் அதில் முதலில் விழுகிறதோ, அவருக்கு இந்த வெள்ளாமை, வழக்கு முடிகிற வரைக்கும் வயலும் அவர் கையில். பச்சையாக அறுத்தால் செல்லாது. இப்படிச் சொல்லிவிட்டு வெற்றிலையைப் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். ஒரு பொம்பளையையும் ஒரு முரடனையும் அரிவாளோடு ஒரே வயலுக்கு அனுப்புகிறோமே என்ற நினைப்பு ஒருவருக்கும் இல்லை. அன்றிலிருந்து கருத்தம்மாள் ராத்திரி பகல் பாராமல் வரப்பிலேயே கிடந்தாள்.

அது 1929ஆம் வருஷம், ஐப்பசிக் கடைசி. நெல் முற்றி நின்றது நவம்பர் பத்தாம் தேதி. அன்று பொழுது சாயும் நேரத்தில் அவள் ஒரு கதிரைக் கிள்ளிக்கொண்டு நல்லகண்ணுவின் வீட்டுக்கு ஓடினாள். அவர் மறுநாளைக்காகப் பித்தளைப் பொத்தான்களைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நெல்லு விளைஞ்சிருச்சு. பல்லுல வச்சுக் கடிச்சுப் பாருங்க. மேக்க மலையில மேகம் வேற இறங்கி நிக்குது. நாளைக்கு விடியவும் நான் ஒரு பிடி அறுத்துப் போட்டுருதேன். அப்புறம் உங்க ஆளுக வந்து மிச்சத்தை அறுக்கட்டும்."

"நாளைக்கு என்ன தேதின்னு தெரியுமா தங்கச்சி?"

"தெரியும்ணே. அதுக்கென்ன? ஒரு பிடிதானே."

"ஒரு பிடியும் கூடாது, அரைப் பிடியும் கூடாது. அந்தக் கல்லு நிக்கிற மண்ணு நாளைக்கு சாமி மண்ணு. ரெண்டாவது பியூகிள் ஊதுறவரை அங்கன அருவா விழக்கூடாது. முதல்ல செத்தவுகளுக்கு மரியாதை. ஊதி முடிச்ச மறுநிமிஷம் நாங்க இருபது பேரும் இறங்குறோம். உன் கையிலதான் முதல் அருவாளைத் தருவேன்."

"அதுக்குள்ள அவன் இறங்கிட்டா?"

நல்லகண்ணு பொத்தானைக் கீழே வைத்தார். "பட்டாளம் நிக்கிற இடத்துல எவன் வருவான்? அவனுக்கு அம்புட்டுத் தைரியமா? நான் இருக்கேன்ல. போ, போய் வெள்ளைச் சேலையைத் துவைச்சுக் காயப்போடு."

அவள் நம்பினாள். புருஷனோடு ஒரே பதுங்குகுழியில் கிடந்த மனிதர், கூடப்பிறக்காத அண்ணன். அவர் சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள்? பொழுது சாய்ந்த பிறகு வயலில் அரிவாள் போடுவது எங்கள் பக்கம் வழக்கமும் இல்லை.

மறுநாள் காலையில் ஊரே அங்கேதான் இருந்தது. கல்லுக்குச் சந்தனம் பூசி மாலை போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் பந்தல். அதற்குள் செத்தவர்களின் பெண்டாட்டிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சின்னமனூர் இருளம்மாள், கம்பத்துச் சந்தனம்மாள், இன்னும் ஏழெட்டுப் பேர். ஆளுக்கொரு புதுச்சேலையும் மரக்கால் நெல்லும் மடியில் இருந்தன. கருத்தம்மாளும் அவர்களோடு உட்கார்ந்திருந்தாள், ஆனால் கண் வயலை விட்டு நகரவில்லை. அறுப்புக்கு என்று பட்டாளத்தார் கொண்டுவந்த அரிவாள்களெல்லாம் புங்கமரத்தடியில் குவித்துக் கிடந்தன. அணிவகுப்பில் நிற்கிறவன் கையில் இரும்பு இருக்கக்கூடாது என்பது ஹவில்தாரின் இன்னொரு சட்டம்.

வாய்க்காலின் அந்தக் கரையில் ராக்கப்பன் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். கூட ஆறு பேர், கூலிக்குப் பிடித்துவந்த தடியன்கள். அவர்கள் மடியில் அரிவாள் இருந்தது எங்கள் எல்லோர் கண்ணிலும் பட்டது. அம்மாவாசி ஹவில்தாரின் காதில் போய்ச் சொன்னார்.

"பாத்துக்கிட்டு இருக்கட்டும். பட்டாளம்னா என்னன்னு தெரிஞ்சுக்கிடட்டும்" என்றார் நல்லகண்ணு.

இருபது பேரும் வரிசையில் நின்றார்கள். காக்கிச் சட்டைகளிலிருந்து கற்பூர நெடி அடித்தது. பதக்கங்கள் வெயிலில் பளபளத்தன. ஹவில்தார் கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார். ஜேசுராஜ் முதல் பியூகிளை ஊதி இறக்கினார். ஊர் அடங்கியது. வாய்க்கால் தண்ணீர் மட்டும் சலசலத்தது.

ராக்கப்பன் பீடியைத் தண்ணீரில் எறிந்துவிட்டு எழுந்தான்.

அவன் ஓடி வரவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. மாமியார் வீட்டு விருந்துக்குப் போகிறவன் மாதிரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாவகாசமாக வாய்க்காலைத் தாண்டி வந்தான். பின்னால் ஆறு பேரும் வந்தார்கள். வயலில் இறங்கினான், குனிந்தான், ஒரு பிடி கதிரை இழுத்துப் பிடித்து அரிவாளைப் போட்டான். அந்தச் சரக்கென்ற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அறுத்த பிடியைத் தலைக்கு மேலே தூக்கிக் கல்லுக்கு நேராகக் காட்டினான்.

"பாத்தீகளாலே, கூத்தாடிப் பட்டாளத்தை! தேனிச் சந்தையிலதான் சண்டை போடுவாக. இங்கன வெறும் பொம்மைதான்."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். இருபது பேரும் அசையவில்லை. ஹவில்தார் கடிகாரத்தைப் பார்த்தார்.

கருத்தம்மாள் மடியிலிருந்த நெல்லைச் சிதற விட்டுவிட்டு எழுந்து ஓடினாள். சேறு தெறிக்க வயலுக்குள் விழுந்து, ராக்கப்பனின் அரிவாள் கையை மணிக்கட்டில் பிடித்துத் தொங்கினாள். அவன் கையை உதறி இழுத்தான். அரிவாள் அவள் முன்னங்கையை நீளக் கிழித்துக்கொண்டு போனது. ரத்தம் குபுகுபுவென்று வந்தது. அவள் விடவில்லை, பல்லால் கடித்தாள். ஒருத்தன் கம்பால் அவள் தோளில் ஓங்கி அடித்தான். எலும்பில் பட்ட அந்தச் சத்தம் பந்தல் வரை கேட்டது. அவள் விழுந்ததும் ராக்கப்பன் அவள் பிடரியில் காலை வைத்து முகத்தைச் சேற்றில் அழுத்தினான். காலுக்கடியில் தலையைத் திருப்பி, ஒரே ஒரு தடவை கத்தினாள்.

"அண்ணே!"

நல்லகண்ணுவின் தலை அசையவில்லை. முன்வரிசையில் ஒருவருடைய கால்சட்டையில் மூத்திரம் இறங்கியது. இருபது பேரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள்.

நாங்கள் இருநூறு பேர் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று கேட்பீர்கள். பட்டாளத்தார் இருக்கிறார்களே என்று நாங்கள் நின்றோம். பியூகிள் ஊதவில்லையே என்று அவர்கள் நின்றார்கள். இவ்வளவுதான் எங்கள் ஊர் வீரம்.

இருளம்மாள்தான் எழுந்தாள். பந்தலை விட்டு நேராக ஜேசுராஜிடம் போனாள். "ஊதுய்யா" என்றாள். ஜேசுராஜ் ஹவில்தாரைப் பார்த்தார். ஹவில்தார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருளம்மாள் ஜேசுராஜின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

"ஊதித் தொலைய்யா! அவ செத்துக்கிட்டு இருக்கா!"

ஜேசுராஜ் பியூகிளை வாயில் வைத்தார். மௌனம் முடிந்ததற்கு ஊதுகிற ஊதல் வேறு. ஆனால் அவர் வாயிலிருந்து வந்தது அது இல்லை. பன்னிரண்டு வருஷமாக அவர் ஊதாத ஊதல், எதிரியின் குழிமேல் பாயச் சொல்கிற ஊதல். அது என்ன என்று எங்களுக்குத் தெரியாது, பத்தொன்பது பேருக்கும் தெரிந்திருந்தது.

போர் வேடிக்கையில் அவர்கள் பாயும்போது "ஹோ"வென்று கத்திக்கொண்டு பாய்வார்கள். அன்றைக்குக் கத்தவில்லை. புங்கமரத்தடியில் கிடந்த அரிவாள்களை ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வெறுங்கையோடு மேட்டிலிருந்து இறங்கினார்கள். முதலில் எதிரே வந்த தடியன் அரிவாளை ஓங்கினான். ஒருவர் அதை உள்ளங்கையால் பிடித்தார், விரல்கள் வெட்டுப்பட்டன, பிடியை விடவில்லை. இன்னொருவர் அந்தத் தடியனின் கையை வரப்பின்மேல் வைத்து முழங்காலால் இடித்தார். விறகு முறிகிற மாதிரி முறிந்தது. அவன் அலறிய அலறலைக் கேட்டு இரண்டு பேர் வாய்க்காலைப் பார்த்து ஓடினார்கள். துரத்திப் பிடித்து, காலைப் பற்றி இழுத்துக்கொண்டு வயலுக்கே திரும்பக் கொண்டுவந்து அடித்தார்கள். "சாமி, கூலிக்கு வந்தோம் சாமி" என்று ஒருத்தன் கும்பிட்டான். கும்பிட்ட கையோடு சேர்த்து அவன் வாயில் உதை விழுந்தது.

ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காத ஜேசுராஜும் ஓடினார். பியூகிளையே தூக்கி ஒருத்தன் மண்டையில் அடித்தார். அவன் விழுந்த பிறகும் அடித்துக்கொண்டே இருந்தார். அந்த முகத்தில் கோபம்கூட இல்லை. கடையில் துணி அளக்கிறபோது இருக்கிற அதே முகம். நான் பயந்துபோனேன். எங்களோடு சோறு தின்று, எங்களோடு சந்தைக்குப் போய்வந்த ஆட்களுக்குள் இத்தனை வருஷமாக இது கிடந்திருக்கிறது, நாங்கள் மூங்கில் துப்பாக்கியைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

ராக்கப்பனை அம்மாவாசி பிடித்தார். கருத்தம்மாளின் பிடரியிலிருந்து அவனைத் தலையால் முட்டிச் சாய்த்தார். அவன் அரிவாளைச் சுழற்றினான், அவர் காது போனது. ஒற்றைக் கையால் அவன் குடுமியைப் பிடித்துக் குப்புறத் தள்ளி முதுகில் முழங்காலை ஊன்றி, மொட்டைக் கையைப் பிடரியில் வைத்து அழுத்தினார். ராக்கப்பன் கையும் காலும் சேற்றை அடித்தன. அவர் அழுத்தினார். அடிப்பது குறைந்தது. அவர் அழுத்திக்கொண்டே இருந்தார். போதும் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

மேட்டில் கல்லின் முன்னால் நல்லகண்ணு தனியாக நின்றார். வரிசையில் நிற்பதற்கு அவரைத் தவிர யாரும் மிச்சமில்லை. கீழே மனிதர்கள் உயிருக்கு அலறிக்கொண்டிருக்க, அவர் கடிகாரத்தின் முள் சுற்றி வருகிறவரை நின்றார். பிறகு யாருமில்லாத பக்கம் பார்த்துத் தலையசைத்தார். கல்லுக்கு ஒரு சல்யூட் அடித்தார். வரப்பு வரை நடந்து வந்து அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"ஹால்ட்!"

அந்த க்ஷணமே நின்றார்கள். ஓங்கிய கை ஓங்கியபடி நின்றது. பிறகு ஒவ்வொருவராகக் கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு சேற்றில் விறைத்து நின்றார்கள். அம்மாவாசியும் எழுந்து நின்றார், அறுந்த காதிலிருந்து ரத்தம் காக்கிச் சட்டையில் ஒழுகியது. அவர் காலடியில் ராக்கப்பன் குப்புறக் கிடந்தான். எழுந்திருக்கவில்லை.

அப்போதுதான் நாங்கள் வயலைப் பார்த்தோம். முற்றி நின்ற நெல், தொட்டால் உதிர்கிற பருவம். இருபத்தேழு பேர் அதில் புரண்டிருக்கிறார்கள். ஒரு கதிர் நிமிர்ந்து நிற்கவில்லை. மணியெல்லாம் ரத்தத்தோடும் சேற்றோடும் கலந்து கிடந்தது, கோழிக்குக்கூட ஆகாது. வாய்க்கால் ஓரத்தில் மட்டும் ஒரு கீற்று தப்பியிருந்தது.

இருளம்மாள் காலையில் தனக்குக் கிடைத்த புதுச்சேலையைக் கிழித்துக் கருத்தம்மாளின் கையில் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தாள். கருத்தம்மாள் உயிரோடு இருந்தாள். சேற்றில் உட்கார்ந்து, நல்ல கையால் மண்ணைக் கிளறி, நாலு நெல்மணியை எடுத்துப் பார்த்துவிட்டுப் போட்டாள். நல்லகண்ணு பக்கத்தில் போய் நின்றார்.

"தங்கச்சி, இனி உன் வயலை ஒரு பய தொட மாட்டான்."

"எந்த வயலைண்ணே?"

அவர் மிதிபட்ட வயலைப் பார்த்தார்.

"விடியவும் ஒரு பிடி அறுத்திருந்தா முடிஞ்சு போயிருக்கும். ஒரே ஒரு பிடி. கூடாதுன்னு சொன்னீக. கேட்டேன்." அவள் குரல் உயரவே இல்லை. "ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லுங்க. எங்க வீட்டு அவுகளும் இப்பிடித்தான் செத்தாகளா? கூப்பிட்டுக்கிட்டே கெடந்தாகளா, நீங்க நின்னீகளா?"

ஊரே கேட்டுக்கொண்டு நின்றது. ஹவில்தார் நல்லகண்ணுவின் உதடு துடித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஆமா ஆத்தா" என்றார். "தொடையில குண்டு பட்டு முன்னால கெடந்தான். என் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டான். போகலாம்னு உத்தரவு வரல. வந்தப்ப சத்தம் நின்னு போச்சு. மறுநாளு ஆத்துல தண்ணி ஏறிருச்சு. பொணத்தைக்கூட எடுக்க முடியல."

அவள் அழுவாள் என்று நினைத்தோம். அழவில்லை. தலையை மெல்ல ஆட்டிக்கொண்டாள், ரொம்ப நாளாகத் தெரிந்ததை யாரோ சத்தமாகச் சொன்னதுபோல.

ஊருக்குள்ளிருந்து ஓர் ஓலம் கேட்டது. ராக்கப்பன் பெண்டாட்டி மொக்கம்மாள். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். தலைவிரி கோலமாக மார்பில் அடித்துக்கொண்டு வாய்க்கால் கரையில் ஓடிவந்துகொண்டிருந்தாள். கருத்தம்மாளோடு மடைத்தண்ணீருக்கு வாய்ச்சண்டை போடாத நாள் அவளுக்குக் கிடையாது. மலடி என்றும் தாலியறுத்தவள் என்றும் தெருவில் நின்று ஏசியவள்.

அம்மாவாசியும் இன்னும் இரண்டு பேரும் பிணத்தைத் தூக்கக் குனிந்தார்கள். சிலர் புங்கமரத்தடிக்குப் போய் அரிவாளை எடுத்துக்கொண்டு, மிச்சமிருக்கிற கீற்றையாவது அறுத்துக் கொடுப்போம் என்று வரப்பில் வந்து நின்றார்கள். கருத்தம்மாள் எழுந்தாள்.

"தொடாதீக. ஒருத்தரும் தொடாதீக, வயலையும் தொடாதீக, அவனையும் தொடாதீக. நிக்கிறதுதான் உங்களுக்குத் தெரியுமே. நில்லுங்க அங்கனயே."

நின்றார்கள். ஹவில்தாரும் நின்றார்.

அவள் தள்ளாடிக்கொண்டு ராக்கப்பனிடம் போனாள். "இருளம்மா, சந்தனம், இங்கன வாங்கடி" என்று கூப்பிட்டாள். பந்தலிலிருந்த பெண்களெல்லாம் வெள்ளைச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினார்கள். அவனைப் புரட்டினார்கள். வாயிலும் மூக்கிலும் கண்ணிலும் சேறு அப்பிக் கிடந்தது. பார்க்க முடியவில்லை, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கருத்தம்மாள் வாய்க்கால் தண்ணீரை ஒரு கையால் அள்ளி அள்ளி அவன் முகத்தில் விட்டாள். முந்தானையால் துடைத்தாள். அவள் கைக்கட்டிலிருந்து ரத்தம் கசிந்து மறுபடி அவன் கன்னத்தில் விழுந்தது, அதையும் துடைத்தாள்.

"என்னடி பண்ணுத? உன்னைக் கொல்ல வந்தவன்டி" என்றாள் சந்தனம்மாள்.

"தெரியும். அவ வந்துக்கிட்டு இருக்கா. பாக்குறதுக்கு ஒரு மொகமாவது இருக்கட்டும். எனக்குத்தான் கெடைக்கல."

மொக்கம்மாள் வரப்பில் தடுக்கி விழுந்து எழுந்து வந்தாள். கருத்தம்மாள் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.